நௌஷேராவின் சிங்கம் உறங்கும் இடம்

தில்லி மாநகருக்குப் போகிறவர்கள் எவற்றையெல்லாம் பார்த்துத் திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரு நீண்ட ஜாபிதா உண்டு. செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் சமாதி, ராஜ்காட் என்று அது வளர்ந்துகொண்டே போகும். இரண்டு நாளில் அத்தனையையும் ஓடி ஓடிப் பார்த்து, மூன்றாம் நாள் ஆக்ராவையும் முடித்துக்கொண்டு, நான்காம் நாள் காலையில் ஊருக்கு ரயிலேறிவிடும் சாமர்த்தியசாலிகளும் நம்மவர்களில் இருக்கிறார்கள். அந்த ஜாபிதாவில் இடம்பெறாத ஒரு ஸ்தலத்தைப் பற்றியே நேயர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறோம். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. வழிகாட்டிகளின் தொல்லை இல்லை. படம் விற்பவர்களும் பொம்மை விற்பவர்களும் இல்லை. பெரும்பாலான நாட்களில் அங்கே மனிதர்களே இல்லை. ஆனால் சுதந்திர இந்தியாவின் சரித்திரத்தை ஒரு குழந்தைக்குச் சொல்லத் தொடங்குகிறவர் எவரும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அது பிரிகேடியர் முகம்மது உஸ்மான் அவர்களின் கல்லறை. 1948-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி காஷ்மீர் யுத்தகளத்தில் உயிர் துறந்த சேனை அதிகாரி அவர். அந்த யுத்தத்தில் நம் தேசம் இழந்த அதிகாரிகளுள் பதவியில் மிக உயர்ந்தவர். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது நிறைவதற்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

நாங்கள் நால்வர், நால்வரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். காலாண்டு விடுமுறையில் வடக்கே ஒரு பிரயாணம் போய்வருவது என்று தீர்மானித்துப் புறப்பட்டோம். சென்னையில் ரயிலேறி, இரண்டு இரவுகளும் ஒரு பகலும் கழித்துத் தில்லி போய்ச் சேர்ந்தோம். மற்ற இடங்களைப் பார்க்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; முதலில் உஸ்மான் சமாதிக்கே போவோம் என்று எங்களில் மூத்தவர் சொன்னார். அவர் சரித்திர ஆசிரியர். முப்பது வருஷமாக 1857-ஐயும் 1942-ஐயும் பாடம் சொல்லி வந்தும், 1948 வருவதற்குள் பரீட்சை வந்துவிடுகிறதே என்பது அவருடைய நெடுநாளைய குறை.

ஓக்லா என்பது தில்லியின் தென்கிழக்குப் பகுதியில் யமுனைக்கு அருகே உள்ள பேட்டை. ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். அதன் பெயரிலேயே ஒரு மெட்ரோ ரயில் நிலையமும் இருக்கிறது. நிலையத்துக்கு வெளியே பாட்டரி ரிக்ஷாக்கள் வரிசையாக நின்றன. "பிரிகேடியர் உஸ்மான் சமாதிக்குப் போக வேண்டும்" என்று எங்களுக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டோம். முதல் ரிக்ஷாக்காரர், "எந்த உஸ்மான், பாய் ஸாஹேப்?" என்றார். இரண்டாமவரும் அப்படியே கேட்டார். மூன்றாவது ரிக்ஷாவில் இருந்தவர் நரைத்த தாடிக்காரர். அவர் மட்டும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, "ஃபௌஜி உஸ்மானா? ஏறுங்கள்" என்றார். ஃபௌஜி என்றால் பட்டாளக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும், பேசிய கூலியில் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பத்து ரூபாய் உஸ்மானின் கணக்கில் என்று எடுத்துக்கொண்டோம்.

ஜாமியாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. 1920-ஆம் ஆண்டு, அரசாங்கத்தின் உதவி பெறும் கல்விச்சாலைகளைத் துறந்து வெளியே வாருங்கள் என்று காந்தியடிகள் அறைகூவியபோது, அலிகாரில் வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய தேசியக் கல்வி நிலையம் இது. 1925-இல் தில்லிக்கு வந்தது. காசில்லாமல் மூடிவிடும் நிலை வந்தபோது, பிச்சை எடுத்தேனும் இதை நடத்த வேண்டும் என்றார் மகாத்மா. 1935-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி ஓக்லாவில் கட்டிடத்துக்கு அஸ்திவாரக்கல் நாட்டினார்கள். கல் நாட்ட எந்தப் பிரபுவையும் அழைக்கவில்லை; பள்ளியிலேயே மிகவும் சிறிய பையன் எவனோ அவனைக் கொண்டு நாட்டச் செய்தார்கள்! ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதைக் கேட்டதும் ஏற்பட்ட மகிழ்ச்சியை வர்ணிக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணில் பெரியவர்கள் பலர் துயில்கிறார்கள். 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த டாக்டர் அன்ஸாரி இங்கேதான் அடக்கமானார். இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கல்வி நிலையத்தைக் கட்டிக் காத்து, பின்னர் குடியரசுத் தலைவராகி, பதவியில் இருக்கும்போதே 1969-இல் காலமான டாக்டர் ஜாகிர் ஹுஸேனின் சமாதியும் இங்கேதான் இருக்கிறது. உருது இலக்கியத்தின் பெரும் நாவலாசிரியை குர்ரதுலைன் ஹைதரும் இங்கேயே உறங்குகிறார். கல்விமான்களும் எழுத்தாளர்களும் தேசத் தொண்டர்களும் கூடிய இந்தச் சபையில் படைவீரர் ஒருவரும் இடம் பெற்றிருக்கிறார்.

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. மாடிகளில் துணிகள் உலர்கின்றன. தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போகிறார். உள்ளே போனால் அந்தச் சந்தடி சட்டென்று குறைகிறது. உஸ்மானின் பெயரும் பதவியும் பொறித்த கல்லின் முன் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். வழியில் வாங்கி வந்திருந்த சாமந்திப் பூவை வைத்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. எங்களில் ஒருவர் மட்டும் கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் கூட்டித் தள்ளினார்.

யார் இந்த உஸ்மான்?

ஐக்கிய மாகாணம் என்று அந்நாளில் வழங்கிய உத்தரப் பிரதேசத்தில், ஆஸம்கார் ஜில்லாவைச் சேர்ந்த பீபீபூர் என்னும் கிராமத்தில் 1912-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி பிறந்தவர். தகப்பனார் போலீஸ் அதிகாரி. படிப்பு காசியில், ஹரிச்சந்திரரின் பெயர் கொண்ட பள்ளியில். பையனுக்கு நாக்குத் திக்கும் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதில், கிணற்றில் விழுந்து தத்தளித்த ஒரு குழந்தையைக் கண்டதும் உடனே குதித்துக் காப்பாற்றினானாம். ஒவ்வொரு வகுப்பிலும் வாய் திக்கும் பையன் ஒருவன் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் கேள்வி கேட்காமல் தாண்டிப் போகும் ஆசிரியர்கள் இந்த வரலாற்றைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

இந்தியர்கள் சேனை அதிகாரிகளாவது அரிதாயிருந்த காலம் அது. இங்கிலாந்திலுள்ள ஸாண்டர்ஸ்ட் ராணுவக் கலாசாலையில் ஒரு சில இடங்களே நம்மவர்களுக்குக் கிடைக்கும். 1932-இல் டேராடூனில் நமக்கென்று ஒரு ராணுவக் கலாசாலை ஏற்பட்டது. அதன்பின் ஸாண்டர்ஸ்ட் வாசல் அடைபட்டுவிட்டது. அது அடைபடுமுன் கடைசியாக நுழைந்தவர்களில் உஸ்மானும் ஒருவர். 1934-இல் தேறி வந்து, மறு வருஷம் 10-வது பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்தார். வடமேற்கு எல்லையில் வேலை பார்த்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாவில் போரிட்டார். பிறகு அதே ரெஜிமெண்டின் ஒரு பட்டாளத்துக்குத் தளபதியானார்.

1947 வந்தது. தேசம் இரண்டாயிற்று, சேனையும் இரண்டாயிற்று. துப்பாக்கி, பீரங்கி, லாரி, பாண்டு வாத்தியம் வரையில் பங்கு பிரித்தார்கள். பலூச் ரெஜிமெண்டு முழுவதும் பாகிஸ்தானுக்குப் போயிற்று. முஸ்லிம் அதிகாரிகளை, எந்தத் தேசம் வேண்டும் என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கூடி உண்டு, கூடிப் போரிட்ட தோழர்கள் பெரும்பாலோர் ஒரு பக்கம் போனார்கள். அங்கே போனால் மிக உயர்ந்த பதவி கிடைக்கும் என்று அழைப்பும் வந்ததாகச் சொல்வதுண்டு. உஸ்மான், பிறந்த தேசத்திலேயே இருப்பேன் என்று சொல்லிவிட்டார். அவரை டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றினார்கள். அவர் செய்தது சுலபமான தீர்மானம் என்று எண்ணிவிடக் கூடாது. ரெஜிமெண்டு என்பது சேனைக்காரனுக்கு இரண்டாவது குடும்பம். அந்தக் குடும்பத்தை விட்டுத்தான் அவர் இங்கே நின்றார்.

தில்லியிலிருந்து நாங்கள் ஜம்முவுக்கு ரயிலேறினோம். கல்லறையைப் பார்த்தவர்கள் களத்தையும் பார்க்க வேண்டாமா?

ஜம்முவிலிருந்து மோட்டாரில் போனால் முதலில் வருவது அக்னூர். செனாப் நதி மலையிடுக்கை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடம் அது. நம் பழைய நூல்கள் சந்திரபாகை என்று சொல்லும் நதி இதுவே. பாலத்தின்மேல் நின்று பார்த்தால், தெளிந்த நீர் சுழித்துக்கொண்டு வேகமாக ஓடுவது தெரிகிறது. அப்பால் சுந்தர்பனி, அதற்கும் அப்பால் நௌஷேரா. ஜம்முவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கலாம். சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. இரு பக்கமும் குன்றுகள். குன்றுகளில் தேவதாரு இனத்து மரங்கள். மடிப்புகளில் படிப்படியாக மக்காச்சோளக் கொல்லைகள். வழி நெடுகிலும் ராணுவ லாரிகள். அழகான பூமி, ஆனால் நிம்மதி குறைந்த பூமி. 2025 மே மாதத்தில்கூட ரஜௌரி, பூஞ்ச் பிரதேசங்களில் பீரங்கிக் குண்டுகள் வீடுகளின்மேல் விழுந்தன.

நௌஷேரா ஒரு சிறு பட்டணம். மொகலாய பாதுஷாக்கள் வெயிலுக்கு அஞ்சிக் காஷ்மீரத்துக்குப் போன பழைய பாதை இவ்வூர் வழியாகத்தான் சென்றது. கடைத்தெருவில் நின்று மேற்கே பார்த்தால் குன்றுக்குப் பின் குன்றாக அலை அலையாகத் தெரிகின்றன. அந்தப் பக்கம் இருக்கிறது ஜங்கர். மீர்ப்பூரிலிருந்து வரும் சாலையும் கோட்லியிலிருந்து வரும் சாலையும் கூடும் சந்தி அது. அந்தச் சந்தி எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நௌஷேராவின் கதவு இருக்கிறது என்று சொல்லலாம். இப்போது மீர்ப்பூரும் கோட்லியும் கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டுக்கு அப்பால், ஜங்கர் இப்பால். எல்லையை ஒட்டிய இடமாகையால் நினைத்தவர்கள் நினைத்தபோது அங்கே போய்விட முடியாது. நாங்களும் நௌஷேராவோடு நின்றுகொண்டோம்.

1947 அக்டோபரில் காஷ்மீரத்தில் படையெடுப்பு ஆரம்பமாயிற்று. நவம்பரில் மீர்ப்பூரும் ரஜௌரியும் வீழ்ந்தன. வீடு வாசலை இழந்து, உற்றாரை இழந்து ஓடிவந்த ஜனங்கள் நௌஷேராவில் வந்து நிறைந்தார்கள். டிசம்பர் மாதத்தில் உஸ்மான் 50-வது பாராசூட் பிரிகேடின் தலைமையை ஏற்றார். அதே மாதம் 24-ஆம் தேதி எதிரிகள் பெருங்கூட்டமாக வந்து தாக்கவே, ஜங்கர் கைவிட்டுப் போயிற்று. ஜங்கரை மீட்கும் வரையில் கட்டிலில் படுப்பதில்லை என்று அன்று உஸ்மான் விரதம் பூண்டார். மலைநாட்டு மார்கழி, தைக் குளிரில், தரையில் பாயை விரித்துப் படுத்தார் பிரிகேடியர்.

ஜனவரியில் கரியப்பா வந்தார். பின்னாளில் இந்திய சேனையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானவர் அவரே. நௌஷேராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோட் என்ற மேட்டுக் கிராமத்தைப் பிடித்து எனக்குப் பரிசாகக் கொடுங்கள் என்று உஸ்மானிடம் கேட்டாராம். பிப்ரவரி 1-ஆம் தேதி அந்தப் பரிசு சித்தமாயிற்று! ஐந்தே நாளில் எதிரிகள் நௌஷேராவின்மீதே பாய்ந்தார்கள். பிப்ரவரி 6-ஆம் தேதி விடியற்காலையில் பல்லாயிரம் பேர் நாற்புறமும் மலைச்சரிவுகளில் ஏறி வந்தார்கள். தைந்தர் என்னும் குன்றில் ஒரு காவல் முனையை ராஜபுத்திர ரெஜிமெண்டைச் சேர்ந்த நாயக் ஜதுநாத் சிங் ஒன்பது பேருடன் காத்தார். மூன்று முறை அலை அலையாக வந்த எதிரிகளை எதிர்த்து நின்று, கடைசியில் தோழர்கள் எல்லாரும் வீழ்ந்தோ காயமுற்றோ போனபின், தன்னந்தனியே பாய்ந்து உயிர் கொடுத்தார். அவருக்குப் பின்னர் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. நௌஷேரா காப்பாற்றப்பட்டது. நம் தரப்பில் இறந்தவர்கள் 33 பேர், காயமடைந்தவர்கள் 102 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். எதிர்த்தரப்பில் இது போலப் பன்மடங்கு. அன்று முதல் உஸ்மானுக்கு 'நௌஷேராவின் சிங்கம்' என்று பெயர். அவருடைய தலைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் விலை வைத்தார்கள் எதிரிகள். இந்தச் சன்மானச் செய்தியைக் கேட்ட பிறகும் அவர் படுத்தது அதே பாயில்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நௌஷேராவில் அநாதையாகத் திரிந்த சிறுவர்களை உஸ்மான் ஒன்று சேர்த்தார். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையில் உள்ளவர்கள். உண்ண உணவும் உடுக்க உடையும் கொடுத்து, எழுத்துக் கற்பித்து, அணிவகுப்பும் பழக்கி, அவர்களுக்குப் 'பாலக் சேனா' என்று பெயரிட்டார். நௌஷேராச் சண்டையின்போது அச்சிறுவர்கள் குண்டு மழைக்கு நடுவே செய்தி கொண்டு ஓடினார்கள். அவர்களில் மூவருக்குப் பின்னர் பண்டித நேரு தங்கக் கைக்கடிகாரம் பரிசளித்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்கும் எங்களுக்கு இதைக் கேட்டதும் பெருமை வந்தது. அடுத்த நிமிஷமே உள்ளம் நடுங்கவும் செய்தது. எட்டு வயதுப் பையனைக் குண்டுகளுக்கு நடுவே அனுப்பலாமா? அனுப்பலாகாது என்றே இன்றைய உலகம் சொல்லும். நாமும் அப்படியே சொல்வோம். ஆனால் அந்த ஊரில் அந்த நாளில் குண்டு விழாத வீடு எது, அந்தப் பையன் ஓடி ஒளியத் தாய்மடி எது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவனுக்குச் சோறு போட்டு, 'அ, ஆ' கற்றுக்கொடுத்த மனிதர் அங்கே ஒருவரே இருந்தார். வீரத்தைக் கொண்டாடும்போது அதன் விலையையும் சேர்த்துச் சொல்லுவதுதான் நேர்மை. யுத்தம் எத்தகைய உத்தமனையும் எத்தகைய முடிவுகளுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை நம் குழந்தைகள் அறிய வேண்டும்.

கடைத்தெருவில் தேநீர் குடித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "மாஸ்டர்ஜி, அவரை எங்கள் தகப்பனார் பார்த்திருக்கிறார்" என்று ஆரம்பித்தார். "பார்த்து என்ன சொன்னார்?" என்று ஆவலாகக் கேட்டோம். கிழவர் சிரித்தார். "தகப்பனார் வீரப் பிரதாபம் ஒன்றும் சொல்லவில்லை. பிரிகேடியர் ஸாஹேப் எங்களைப் போலவே தரையில் படுத்தார் என்று மட்டும் சொல்லுவார். அதையே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். தேநீருக்குக் காசு கொடுக்க அவர் எங்களை விடவில்லை.

மார்ச் மாதம் ஜங்கரை மீட்கும் படையெடுப்பு நடந்தது. வடக்கு மலைத்தொடரில் 19-வது காலாட்படைப் பிரிகேடு முன்னேறிற்று. தெற்கே, சாலையை நோக்கிய குன்றுகளை ஒவ்வொன்றாக உஸ்மானின் பாராசூட் பிரிகேடு பிடித்துக்கொண்டே போயிற்று. புறப்படுமுன் தம் வீரர்களுக்கு உஸ்மான் விடுத்த கட்டளை பிரசித்தமானது. டிசம்பரில் இழந்த மண்ணையும் மானத்தையும் மீட்க வேண்டும், தேசத்தின் கண்கள் நம்மீது இருக்கின்றன என்ற கருத்தோடு, மூதாதையரின் சாம்பலையும் தெய்வங்களின் ஆலயங்களையும் காக்க இறப்பதைப் பற்றிய மெகாலேயின் ஆங்கிலக் கவிதை வரிகளையும் அதில் சேர்த்திருந்தார். தொழுகை தவறாத முஸ்லிம் தளபதி ஒருவர், ஹிந்துக்களும் சீக்கியர்களும் நிறைந்த சேனைக்கு விடுத்த கட்டளை அது! மார்ச் 18-ஆம் தேதிக்குள் ஜங்கர் மீண்டும் நம் வசமாயிற்று. அன்றிரவு பிரிகேடு முகாமில் கட்டில் ஒன்றுகூடக் கிடைக்காமல், கிராமத்து வீடு ஒன்றிலிருந்து கயிற்றுக் கட்டில் இரவல் வாங்கி வந்து தளபதியைப் படுக்க வைத்தார்களாம்.

அந்தக் கட்டிலில் அவர் அதிக நாள் படுக்கவில்லை. மே மாதத்தில் பாகிஸ்தானின் முறையான சேனை யுத்தத்தில் இறங்கிற்று. ஜங்கரின்மீது பீரங்கிகள் இடைவிடாமல் முழங்கின. உஸ்மான் இடத்தை விட்டு அசையவில்லை. ஜூலை 3-ஆம் தேதி மாலை, 25 ராத்தல் பீரங்கிக் குண்டு ஒன்று அருகே விழுந்து வெடித்தது. ஜங்கரை மீட்டவர் ஜங்கரிலேயே வீழ்ந்தார்.

அவருடைய உடலைத் தில்லிக்குக் கொண்டுவந்து அரசாங்க மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். பிரதமர் நேருவும் மந்திரிகளும் உடன் நடந்தார்கள். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னேதான், ஜூன் 21-ஆம் தேதி, நம் ராஜாஜி கவர்னர் ஜெனரல் பதவியை ஏற்றிருந்தார். வெள்ளைக்காரர்கள் அமர்ந்திருந்த நாற்காலியில் ஓர் இந்தியர் அமர்ந்ததும் அந்த அரசாங்கத்துக்கு வந்த முதல் பெரிய துக்கங்களில் இதுவும் ஒன்று. மகாவீர் சக்கரம் என்னும் விருது அப்போது ஏற்பட்டிருக்கவேயில்லை. 1950 ஜனவரி 26-ஆம் தேதி குடியரசு பிறந்த அன்று வீர விருதுகளை ஏற்படுத்தி, 1947 ஆகஸ்டு 15 முதல் நடந்த வீரச் செயல்களுக்கும் அவை உரியவை என்று விதி செய்தார்கள். அவ்விதமே உஸ்மானுக்கு மகாவீர் சக்கரம் வந்தது. அதை அணிந்துகொள்ளத்தான் அவர் இல்லை.

திரும்பும் வழியில் ரயிலில் நாங்கள் நெடுநேரம் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். போரில் இறந்தவர்களை மறவாமல் காப்பவர்கள் சாதாரணமாக மூவர். ஒன்று வீடு: மகன் திதி கொடுப்பான், பேரன் படத்துக்கு மாலை போடுவான். இரண்டாவது ஊர்: பிறந்த மண்ணில் ஒரு தெருவுக்கோ பள்ளிக்கோ பெயர் வைப்பார்கள். மூன்றாவது ரெஜிமெண்டு: ஆண்டுதோறும் தன் வீரர்களின் பெயரைச் சொல்லி அணிவகுத்து நிற்கும். உஸ்மானின் காரியத்தில் இந்த மூன்றும் எப்படி இருக்கின்றன? அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை; சம்பளத்தில் பெரும் பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிடுவார். ஆகையால் மகனும் இல்லை, பேரனும் இல்லை. பிறந்த ஊர் கல்லறையிலிருந்து நெடுந்தூரம். பன்னிரண்டு வருஷம் வளர்த்த ரெஜிமெண்டோ வேறு தேசத்துக்குப் போய்விட்டது.

ஆகவேதான் 2020 டிசம்பரில், ஓக்லாவில் அவருடைய கல்லறை சிதைந்து கிடப்பதாகப் பத்திரிகைகளில் படங்கள் வந்தபோது, இது யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் சேனையே முன்வந்து அதைச் செப்பனிட்டது. சேனை மறக்கவில்லை என்பதில் ஐயமில்லை. ஜங்கரில் அவர் வீழ்ந்த இடத்தில் ஞாபகச் சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஜூலை 3-ஆம் தேதி அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். ஆனால் சேனை காப்பது போதுமா? அவர் காத்தது சேனையை அல்லவே, நம்மையல்லவா?

கல்லைச் செப்பனிடக் கொத்தனார் போதும். நினைவைச் செப்பனிட வேண்டியவர்கள் தாய் தந்தையரும் ஆசிரியர்களுமே. இந்தத் தேசம் இன்னாருக்கு உரியது, இன்னாருக்கு உரியதல்ல என்று சண்டை கிளம்பும் போதெல்லாம், அதற்கு உஸ்மான் 1947-இல் ஒரு பதிலும் 1948-இல் ஒரு பதிலும் சொல்லியிருக்கிறார் என்பதைக் குழந்தைகள் அறிந்திருக்க வேண்டும். முதல் பதிலை வாயால் சொன்னார். இரண்டாவதை உயிரால் சொன்னார். இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு வருஷம்கூட முழுதாக இல்லை.

தில்லிக்குப் போகும் குடும்பத்தார்களுக்கு எங்கள் விண்ணப்பம் இதுதான். உங்கள் ஜாபிதாவில் ஒரு மணி நேரத்தை ஓக்லாவுக்கு ஒதுக்குங்கள். போகும்போது குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். ரிக்ஷாக்காரர் "எந்த உஸ்மான்?" என்று கேட்டால் கோபிக்க வேண்டாம், உங்கள் குழந்தையையே பதில் சொல்லச் சொல்லுங்கள். தில்லி போக வசதியில்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. ஜூலை 3-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாள்தான். எங்கள் பள்ளியில் அன்று காலைப் பிரார்த்தனைக்குப் பின் பத்து நிமிஷம் உஸ்மானின் வரலாற்றைச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். அதைச் சொல்லப் போகிறவன் ஏழாம் வகுப்பில் படிக்கிற ஒரு பையன். அவனுக்குக் கொஞ்சம் நாக்குத் திக்கும். இப்போதிருந்தே அவன் பயிற்சி செய்துகொண்டிருக்கிறான்.